செத்த பாக்டீரியாவும் ஒரு கையெழுத்தும்

ஹைதராபாத் நாச்சாரத்தில் டிரிப்ஸ் பாட்டில் தயாரிக்கும் ஒரு கம்பெனி. மைக்ரோபயாலஜி லேப் என் பொறுப்பு. அங்கே நான் பார்த்த மேதைகளில் முதலிடம் எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜருக்குத்தான். மூன்று தலைமுறையாக அந்த ஊர்த் தமிழர்; பேச்சில் ஊர் உருது கலந்திருக்கும். எம்.எஸ்சி. வேறு.

போனாலு பண்டிகை லீவுக்குப் பம்ப்பை நிறுத்திவிட்டுப் போனார். இன்ஜெக்‌ஷன் தண்ணீர் சூடாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நாள் டேங்கில் ஆறிப்போய்க் கிடந்தது. திரும்பி வந்த மகான் அதைக் கொட்டவில்லை. அதிலேயே ஒரு பேட்ச் சலைன் போட்டு, நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் ஏற்றிவிட்டார்.

எண்டோடாக்ஸின் டெஸ்ட்டில் குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். வழிய வேண்டிய திரவம் ஜெல்லாக உறைந்து அடியிலேயே நின்றது. ஃபெயில். மறுபடி செய்தேன். மறுபடியும் ஃபெயில்.

"ஆட்டோகிளேவ்ல பாக்டீரியா எல்லாம் செத்துப்போச்சுல்ல? அப்புறம் கைக்கு, ஏன் டென்ஷன்மா?" என்றார் மேனேஜர்.

"செத்ததுதான் சார் பிரச்சினையே."

"ஹவ், சரி, அப்போ இன்னொரு தடவை ஏத்திடறேன்."

அடடா, என்ன ஞானம்! டெட்டனஸ் கிருமி உயிரோடு இருக்கும்போதே வெளியே கக்கும் விஷம் எக்ஸோடாக்ஸின். அது புரதம். தாடையை இறுக்கிவிடும், ஆனால் நல்ல சூட்டில் கெட்டுப்போகும். எண்டோடாக்ஸின் வேறு சாதி. கிராம் நெகட்டிவ் என்ற வகை பாக்டீரியாவின் சுவரிலேயே இருப்பது. கிருமி செத்துச் சிதறும்போதுதான் மொத்தமாக வெளியே வரும். ஆட்டோகிளேவ் சூட்டுக்கு அசையாது. இரத்தத்தில் ஏறினால் நடுக்கம், காய்ச்சல், பி.பி. சரிந்து உயிரே போகலாம். எம்.எஸ்சி. படித்த மனுஷனுக்கு இதைப் படம் போட்டுக் காட்டினேன். வெட்கக்கேடு.

"நக்கோ, வேணாம், எனக்குக் கிளாஸ் எடுக்காதே. ஆஸ்பத்திரி லாரி வாசல்ல நிக்குது. ரிலீஸ் ஃபார்ம்ல கையெழுத்துப் போடு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே."

என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஆனால் அந்தப் பாட்டில் எந்த நோயாளியின் கையில் ஏறுமோ! பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது. புது ரிலீஸ் ஃபார்ம் ஒன்றை எடுத்து, கையெழுத்துக்கான இடத்தில் அவர் பெயரை எழுதி, என் பேனாவோடு நீட்டினேன்.

"ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானே சொல்றீங்க. நீங்களே போடுங்க சார்."

பேனா மூடியைத் திறந்தார். ஃபார்மைப் பார்த்தார். மூடியை மூடினார். "எல்லாத்தையும் கொட்டச் சொல்லு" என்று முணுமுணுத்துவிட்டு, லாரிக்காரரைத் திட்டப் போய்விட்டார்.

அன்று முதல், "ஒண்ணும் ஆகாதும்மா" என்று வருகிற வீரர்களிடம் நான் வாதாடுவதில்லை. பேனாவை நீட்டுவேன். இதுவரை ஒருவரும் கையெழுத்துப் போட்டதில்லை.