பொன்மலையில் பூத்த பீச்

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் தர்மராஜுக்கு அடங்காத இரும்பே கிடையாது. குன்னூரிலிருந்து அவன் கட்டிக்கொண்டு வந்த லூர்துராணியின் வாய்தான் அடங்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் “உங்க ஊர் வெயில்”, “உங்க ஊர் தண்ணி” என்றே பேசுவாள். இதைத் தன் ஊர் என்று அவள் வாயால் ஒருநாள் கேட்டுவிட வேண்டும் என்று அவனுக்கு ஒரு தவிப்பு.

அதற்காகவே ஐம்பத்தாறாம் வருஷம் மாமனாரிடம் ஒரு பீச் பழக் கன்று வாங்கிவந்து குவார்ட்டர்ஸ் கொல்லையில் நட்டான். அதிகம் குளிர் கேட்காத ஜாதி என்று சொல்லித்தான் அவரும் கொடுத்தார். தர்மராஜ் சாணமும் தண்ணீரும் கொட்டி, அதை வீட்டு மாப்பிள்ளையாகவே கவனித்தான். மாவிலை மாதிரி ஒல்லி இலைகளோடு மரம் கூரையைத் தொட்டது. மொட்டுதான் வரவில்லை. இந்த ஊர்க் குளிர் போதவில்லையோ என்று ஒரு மார்கழியில் ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி சைக்கிளில் கொண்டுவந்து வேரில் வைத்தான். பாதி ரோட்டிலேயே ஒழுகிப்போனது. மரத்துக்குக் காய்ச்சலா என்று குவார்ட்டர்ஸ் லைன் முழுக்க விசாரித்தார்கள்.

ஸ்ரீரங்கத்து மல்லிகைத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு குவார்ட்டர்ஸில் பூ விற்க வரும் காளியாயிக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. “வயிறு முட்டத் தின்னா தூக்கந்தாண்ணே வரும், பூ வராது. மல்லிக்குச் செய்யற மாதிரி தண்ணியை நிறுத்தி இலையை உருவிவிடுங்க” என்றாள்.

ராணி கிறிஸ்துமஸுக்குக் குன்னூர் போயிருந்த சமயம் பார்த்து, தண்ணீரை நிறுத்தி ஒவ்வோர் இலையாக உருவினான். திரும்பி வந்தவள் மொட்டைக் குச்சிகளைப் பார்த்து, அப்பா கொடுத்த மரத்தைக் கொன்றுவிட்டதாக அழுதாள். அப்புறம் பேச்சே இல்லை. வாய் ஓயாதா என்று ஏங்கியவனுக்கு அந்த மௌனம் நரகமாக இருந்தது.

பொங்கல் கழிந்து ஒரு காலையில் அவளே அவனை எழுப்பி இழுத்துப் போனாள். ஓர் இலைகூட இல்லாத குச்சிகளில் ரோஸ் நிறப் பூக்கள்.

காய்த்தது என்னவோ ஏழெட்டுதான். ஈஸ்டருக்கு வந்த மாமனார் ஒன்றைக் கடித்துவிட்டு முகம் சுளித்தார். “புளிக்குதேம்மா.”

“எங்க ஊர்ப் பழம் அப்படித்தாம்ப்பா இருக்கும்” என்றாள் ராணி, வெடுக்கென்று.

அந்த ‘எங்க ஊர்’ காதிலேயே நிற்க, தர்மராஜ் அன்றைக்கு ஷிப்டுக்கு லேட்டாகத்தான் போனான்.