பின்னால் பிடிக்க ஆள் இல்லாத தூளி

பேய், காத்துக் கருப்பு என்று எவனாவது என் ரைஸ்மில்லில் கதை விட்டால், அவன் முதுகில் ரெண்டு மூட்டை சேர்த்து ஏற்றச் சொல்கிற ஆள் நான். மூன்றாங்கிளாஸைத் தாண்டவில்லை. கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் மூட்டை தூக்கித்தான் மில்லும் லாரியும் வாங்கினேன், எவனும் கைதூக்கி விடவில்லை. எனக்குத் தராசு வேண்டாம், தோளில் வைத்தாலே எடை சொல்லிவிடுவேன். இதை முதலிலேயே ஏன் சொல்கிறேன் என்றால், கேட்டு முடித்ததும் கிழவனுக்குப் பிரமை என்பீர்கள்.

மில்லில் சின்னான் என்று ஒருவன், கல்வராயன் மலைக்காரன். அவன் ஊருக்கு ஒற்றையடிப் பாதைதான். ரெண்டு வருஷம் முன்பு அவன் பெண்சாதி குப்புவுக்கு வலி எடுத்து, மூங்கிலில் போர்வையைத் தூளி கட்டித் தூக்கி வந்திருக்கிறார்கள். ரோடு வந்தும் வண்டி வரவில்லை. குறுக்குப் பாதையில் இன்னும் கீழே தூக்கிக்கொண்டு இறங்கியதில் வழியிலேயே போய்விட்டாள், வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டது. அதற்கு மேல் அவன் எதுவும் சொன்னதில்லை.

மலை மேலேயே ஒரு ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். நான் ஒருத்தனே வாங்கியிருப்பேன், ஆனால் ஊர் சேர்ந்து வாங்கினால்தான் ஊர் பார்த்துக்கொள்ளும். அதனால் கள்ளக்குறிச்சியில் இருந்து மலை மேலே வெள்ளிமலை வரைக்கும் நடக்கிறேன், முடித்தால் எல்லாரும் ஆம்புலன்ஸுக்குப் பணம் போட வேண்டும், நடுவில் வண்டியில் கால் வைத்தால் யாரும் ஒரு பைசா தர வேண்டாம் என்று கடைத்தெருவில் சொல்லிவிட்டேன்.

உரக்கடைக்காரன் சிரித்தான். "இன்னா மாமா, மில்லுல இருந்து வூட்டுக்கே கார்ல போற ஆளு, நீ மலை ஏறப் போறியா?"

"ஏறிட்டு வந்து உன் கடையிலதான் டீ குடிப்பேன். துட்ட எடுத்து வெச்சிக்கினு இரு."

கச்சிராயபாளையத்தில் தங்கிவிட்டு, விடிந்ததும் மலை ஏறினோம். சின்னானும் கூட வந்தவர்களும் ரோட்டில் போனார்கள். நான் குறுக்குப் பாதையில் ஏறினேன், எனக்கு முன்னால் ஒருத்தன் போய்ச் சேருவதா என்ற வீம்பு. பாதி ஏறுவதற்குள் பனி இறங்கிவிட்டது, பத்தடி தள்ளி இருக்கிற மரம் தெரியவில்லை.

அங்கேதான் அந்தத் தூளி. மூங்கிலின் முன்முனை ஒரு பெரியவர் தோளில், தலையோடு சேர்த்துத் துண்டு போர்த்தியிருந்தார். பின்முனை ஒரு மரக்கவையில் சாய்ந்திருந்தது. அந்தப் பக்கம் ஆள் இல்லை.

"பின்னாடி புடிக்க ஆளு இல்ல சாமி. தோள் குடுங்க."

மலையில் ஒரு பழக்கம் உண்டு. தூளி எதிரில் வந்தால் யார், என்ன என்று கேட்கக் கூடாது, உள்ளே பார்க்கக் கூடாது, நம் வேலையை விட்டுவிட்டுத் தோள் கொடுக்க வேண்டும். சின்னான் சொல்லியிருந்தான். கீழே இறங்குகிற தூளி, ஏறி வந்த தூரம் வீண்தான், ஆனால் நடக்கிறதே இதற்குத்தானே என்று இடது தோளைக் கொடுத்தேன். நல்ல பாரம். நிறைமாசக்காரி என்று தோள் சொன்னது.

இறங்க இறங்க உள்ளே முனகல். அப்புறம் தெளிவாக, களைத்துப்போன குரலில், "வந்துட்டமா?"

மூங்கிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, "வந்துட்டமா?"

மனசு தாங்கவில்லை. "இதோ வந்துட்டோம்மா, வந்துட்டோம்" என்றேன்.

நம்பினால் நம்புங்கள், சொன்ன உடனே பாரம் இறங்கிப்போனது. தூளி அப்படியேதான் இருந்தது, கனம் மட்டும் இல்லை. பெரியவர் நின்றார். "போதும் சாமி, எறக்கிடலாம்" என்றார். இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கி நிமிர்ந்தேன். பெரியவர் இல்லை, மூங்கில் இல்லை, தரையில் புல்கூட மடங்கியிருக்கவில்லை.

எப்படி மேலே ஏறினேன் என்று தெரியாது. ரோட்டு முனையில் சின்னான் காத்திருந்தான். சொன்னேன்.

"அன்னிக்கு குப்புவத் தூக்குனப்ப முன்னாடி புடிச்சது எங்கப்பன், மொதலாளி. அவரும் போன வருசம் பூட்டாரு. பின்னாடி நான்." நான் ஏறி வந்த பாதையைப் பார்த்துக்கொண்டே, "அவ எதனா பேசுனாளா?" என்றான்.

"வந்துட்டமான்னு கேட்டுச்சுடா."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"வந்துட்டோம்னு சொன்னேன்."

அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். "என்னாண்டயும் அதான் கேட்டா, வழி பூரா கேட்டுக்கினே வந்தா. பொய் சொல்ல வாய் வரல மொதலாளி. நான் ஒண்ணுமே சொல்லாம நடந்தேன்." துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான். "நீங்களாவது சொன்னீங்களே."

அன்றைக்கு வெள்ளிமலை வரை நடந்து முடித்தேன். மாலை போட்டார்கள். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, இப்போது மலை மேலேதான் நிற்கிறது. உரக்கடைக்காரனே டீ வாங்கிக் கொடுத்தான்.

ஆனால் பாரம் முழுசாக இறங்கவில்லை. இடது தோளில் கொஞ்சம் தங்கிவிட்டது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்கிறார். சட்டை தைக்கிறவன்தான் அந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் இறக்கி வெட்டுகிறான். சின்னானிடம் இதைச் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. எடை பார்க்கத் தெரிந்தவன் நான். தோளில் இருப்பது மூன்று கிலோகூட இருக்காது.