நான் பார்க்காத கடைசிக் காட்சி

இன்று நெய்யாற்றின்கரையில் பாறசாலை பஸ் ஏறினால், பக்கத்து சீட்டில் ஷீலா. திருவனந்தபுரத்தில் பல்கலைக்கழகத்தில் என்னோடு எம்.ஏ. படித்தவள்.

ஆரியங்கோட்டுக்காரி அவள், ஹாஸ்டலில் தங்கினாள். நான் பாறசாலையிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் போய்வந்தேன்.

“செனட் ஹால்ல ஆண்டுவிழா நாடகம் பாதியில வண்டிக்கு ஓடினவ நீயாக்கும்” என்று சிரித்தாள். “நீ திரும்பி வருவேன்னு, உன் கசேரயில கடைசிவரை யாரையும் இருக்க விடல்ல மக்கா.”

அன்று என்னை யாரும் தேடியிருக்க மாட்டார்கள் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

அன்றும் வண்டி லேட். பிளாட்பாரத்தில் வெறுமனே நின்ற நேரத்துக்கு முழு நாடகத்தையும் பார்த்திருக்கலாம்.

அந்தக் கடைசிக் காட்சியைப் பார்த்தவர்கள் இங்கே உண்டென்றால், முடிவு என்னவென்று சொல்லுங்கள். ஷீலாவுக்கு என் நாற்காலி மட்டும்தான் ஞாபகம் இருக்கிறதாம்.