காக்கா கத்திய காட்சி

சுவரில் ஆணியில் ஒரு உண்டிவில் தொங்குகிறது. புளியங்கொம்பில் செய்தது. ரப்பர் இற்றுப் போய்விட்டது. அதை வைத்துக்கொண்டு நான் சினிமாவில் வேலை பார்த்தேன் என்றால் யாரும் நம்புவதில்லை.

பேசும் படம் வந்த புதிது. அடையாற்றுப் பக்கம் ஒரு மாந்தோப்பில் செட்டுப் போட்டுப் படம் பிடிப்பார்கள். மேலே கூரை கிடையாது. வெயில்தான் விளக்கு. பேச்சையும் அங்கேயே பிடிக்க வேண்டும். நடுவில் ஒரு காக்கா கத்தினால் போச்சு, பிலிம் பாழ். அதனால் மதில்மேல் ஒரு ஆளை உட்கார வைத்திருந்தார்கள். களிமண் உருண்டையை உண்டிவில்லில் வைத்து அடித்துக் காக்காயை ஓட்ட வேண்டும். அந்த ஆள் வாயைத் திறக்கக் கூடாது. அந்த ஆள் நான்.

பெரிய படத்தோடு சேர்த்துக் காட்ட ஒரு சின்ன காமிக், அதாவது சிரிப்புப் படம், எடுத்தார்கள். சின்ன வயதுக் கூட்டாளிகள் இரண்டு பேர் வளர்ந்து ஆளான பிறகு சந்திக்கிற கதை. ஒருவன் கதவைத் தட்டுவான். மற்றவன் திறந்து, அடையாளம் கண்டு, கட்டிக்கொள்வான். அப்புறம் ஒரே கூத்து. கதவைத் திறக்கிற வேஷத்துக்கு ஒரு நாடகக்காரன் வந்திருந்தான். பவுடருக்கு அடியிலும் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. என் கூட்டாளி.

திருவல்லிக்கேணியில் இரண்டு பேருக்கும் ஒரே சந்து. அப்பாவை அவன் நைனா என்பான். அவர் அவனை வெளியே விடமாட்டார்; ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நிற்பான். நான் அவன் வீட்டுச் சுவரில் ஏறிக் காக்கா மாதிரி கத்துவேன். நீளமாக இரண்டு, கடைசியில் தொண்டை கமறுகிற மாதிரி ஒன்று. "காக்கா கத்துது, யாரோ விருந்தாளி வராங்கோ" என்று அவன் அம்மா உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போடுவாள். கொஞ்ச நேரத்தில் அவன் பின்பக்கமாக வந்து, "நைனா தூங்கிட்டாருடா, வா" என்பான். கடற்கரைக்கு ஓடுவோம்.

பத்து வயதில் அவனை நாடகக் கம்பெனியில் சேர்த்து வெளியூர் அனுப்பிவிட்டார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாளும் போய்க் கத்தினேன். அவன் அம்மா வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

தோப்பில் நான் மதிலை விட்டு இறங்கவில்லை. அவன் நடிகன். நான் காக்கா ஓட்டுகிறவன். போய் என்ன பேசுவது?

மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கக் கத்திப் பழகிய தொண்டை அவனுடையது. கதவைத் திறந்து, "நண்பா! உன்னைக் கண்டு எத்தனை காலமாயிற்று!" என்று முழங்கினான். சவுண்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஏன்யா அலறறேள்? எதிர்த்தாப்ல நிக்கறவன் செவிடா?" என்றார் டைரக்டர்.

மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் முழக்கம்தான்.

"பிலிம் என்ன மரத்துலயா காய்க்கறது? இன்னும் ஒரு தடவை. வரலேன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்."

மேக்கப்காரர் மதிலோரம் வந்து என்னிடம் முணுமுணுத்தார்: "பாவம், கம்பெனி கலைஞ்சி பூட்ச்சு. புள்ளகுட்டிக்காரன். இத்த விட்டா வேற பொயப்பு இல்ல."

கதவு திறந்தது. அவன் வாயைத் திறந்தான். சத்தமே வரவில்லை. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்ற அதே முகம். நான் யோசிக்கவில்லை. கத்தினேன். நீளமாக இரண்டு, கடைசியில் அந்தக் கமறல்.

அவன் மதில் பக்கம் திரும்பவில்லை. முகம் மட்டும் மாறியது. எதிரே நின்றவனைப் பார்த்து மெல்லச் சொன்னான்: "காத்தாலேர்ந்து காக்கா கத்திக்கினு கீதே, யாருடா வரப்போறான்னு பார்த்தேன். நீதானா?" குரல் உடைந்தது. உடனே சிரித்தான். அது நாடகச் சிரிப்பு இல்லை.

டைரக்டர் நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்ததும், "பேஷ்! காக்கா கத்தினதுகூட நன்னா அமைஞ்சுடுத்து" என்றார்.

சவுண்டுக்காரர் மட்டும் என்னை முறைத்தார். "காக்கா ஓட்ட ஆள் வெச்சா, ஆளே காக்காவாயிட்டானேய்யா!"

என் கூட்டாளி மதிலடிக்கு வந்து நின்றான். பவுடர் வழிந்திருந்தது. அண்ணாந்து பார்த்து, "நைனா தூங்கிட்டாருடா, வா" என்றான். அவர் செத்து வருஷக்கணக்காகிறது. இரண்டு பேருக்கும் தெரியும். இறங்கினேன்.

படம் சைதாப்பேட்டை டெண்டுக் கொட்டகைக்கு வந்தபோது மணலில் உட்கார்ந்து சேர்ந்து பார்த்தோம். காக்கா கத்தியதும் சனங்கள் சிரித்தார்கள். "உன் பேரைப் போடாம வுட்டானுங்க, பாரு" என்று விலாவில் இடித்தான்.

இப்போது அந்தப் படமும் இல்லை, அவனும் இல்லை. மாந்தோப்பு இருந்த இடம் முழுக்க வீடு. காலையில் ஜன்னலில் வந்து ஒரு காக்கா கத்துகிறது. உண்டிவில் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது. எடுப்பதில்லை. அடுப்படியில் இருக்கிற மருமகளிடம், "இன்னும் ஒரு பிடி அரிசி போடும்மா" என்கிறேன்.