எதிர்க்கடை ஹார்ட் டிஸ்க்

2010-ஆம் ஆண்டு. நாகர்கோவில் கோட்டாறில் ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து டிடிபி கடை நடத்திக்கொண்டிருந்தேன். எதிர்வரிசையில் என் தோழியும் அதே தொழிலில் கடை போட்டாள். டைப்பிங் கிளாசில் என்னைவிட மெதுவாக அடித்தவள். கணவர் வளைகுடாவில். கடையில் ஏசி, நாலு புது கம்ப்யூட்டர், தட்டை மானிட்டர். அவள் கடைப்படியில் ஒருவர் ஏறினால் எனக்கு வயிறு எரியும். மறைப்பானேன், பொறாமைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை என் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. கடியப்பட்டணம் பக்கத்து மாதா கோயில் ஒன்றின் திருவிழா நோட்டீஸ் அன்று மாலையே அச்சகத்துக்குப் போக வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் வீடு வீடாகக் கொடுப்பார்கள். வருடா வருடம் எனக்கே வரும் வேலை. டைப் செய்ததை சிடியில் போட்டு வைத்திருந்தேன், அந்த மட்டில் பிழைத்தேன். ஆனால் டிஸ்குக்கு எங்கே போவது? கடை கடையாக ஏறினேன். எல்லாரிடமும் புது மாதிரிதான். பட்டை வயர் மாட்டும் பழைய மாதிரி எங்கேயும் இல்லை.

"ஒங்க எதிர்க்கடையில பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு சும்மா கெடக்கே, கேட்டியளா?" என்றார் ஒரு கடைக்காரர்.

வேறு வழியில்லாமல் அவளிடம் போய் நின்றேன். மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்தாள். கொண்டுவந்து மாட்டினால், கம்ப்யூட்டருக்கு அந்த டிஸ்கும் தெரியவில்லை, என் சிடி டிரைவும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து விழாக்குழுக்காரர் வந்தார்.

"பாத்தியளா அண்ணே! இந்த வேலை அவளுக்குப் போவணும்னு வேணும்னே கெட்டத எடுத்துத் தந்திருக்கா" என்று கொட்டித் தீர்த்தேன். அவர் நேரே எதிர்க்கடைக்கு நடந்தார். வேலை போயிற்று என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவளே வந்தாள், கையில் புருவம் திருத்தும் இடுக்கியோடு.

"மக்கா, எங்கிட்ட இது ரெண்டாவது டிஸ்க்காக்கும் கெடந்தது. ஜம்பர மாத்தாம தந்துட்டேன். என் தப்புதான்."

வயரில் இது முதலாவதா இரண்டாவதா என்று கம்ப்யூட்டருக்குக் காட்ட டிஸ்கின் பின்னால் பொட்டு அளவில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டுதான் ஜம்பர். என் சிடி டிரைவும் அதே வயரில் இரண்டாவதாகவே இருந்தது. இரண்டுக்கும் ஒரே இடம் என்றால் இரண்டுமே தெரியாது. தொழில்காரி நான் அதைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டாமா? அவள் அதை இடுக்கியால் பிடுங்கி இடம் மாற்றினாள். டிஸ்க் தெரிந்தது. எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விண்டோஸை ஏற்றி, சிடியில் இருந்ததைப் போட்டு வேலையை முடித்தேன். மாலையில் நோட்டீஸை வாங்க வந்த விழாக்குழுக்காரர் சொன்னார்: "நீ சொன்னத அப்படியே அவியகிட்ட சொன்னேன். நோட்டீஸ நீங்களே அடிச்சித் தாங்கன்னும் கேட்டேன். 'அவ ஒரு வாரமா இருந்து டைப் பண்ணுனதாக்கும், அவளே முடிக்கட்டு'ன்னு சொல்லிட்டு கடைப்படி எறங்கிட்டாவ."

மறுநாள் காலையிலேயே போய் மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடு" என்று டீ வரவழைத்தாள். ஏசியையும் மானிட்டரையும் பார்த்து வந்த பொறாமை அதோடு போயிற்று. ஆனால், அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தப் படியை விட்டு இறங்கியிருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால் அவள் மேல் எனக்கு இன்றைக்கும் பொறாமைதான்.