கேப்டன் கூப்பிட்டது என்னைத்தான்

என் அக்காவுக்குப் பேய், பாம்பு எதற்கும் பயமில்லை. மூடிய கதவுக்குத்தான் பயம். குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போடமாட்டாள். நான் வெளியே காவல் உட்கார வேண்டும். "குட்டி, இருக்கியாடி?" என்று உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருப்பாள். எனக்குக் கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோன பிறகும் அந்த உத்தியோகம் என்னை விடவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த பிழைப்பைப் பாருங்கள்: கார்ட்டூன்களுக்கு டப்பிங். அணில், சூனியக்காரி, அழுமூஞ்சிப் பையன் எல்லாம் இவள் குரல்தான். பழைய ஸ்டூடியோவில் கதவிடுக்கில் செருப்பைச் செருகிவிட்டுப் பேசுவாள். பயம் என்று தெரிந்தால் அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள். வீடே அவள் குரலில்தான் ஓடியது. அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

புது ஸ்டூடியோவில் கதவு கனம். உள்பக்கக் கைப்பிடி கழன்று விழுந்து, இன்னும் மாட்டவில்லை. சவுண்ட் இன்ஜினியர் செருப்பைக் காலால் தள்ளி, "சத்தம் உள்ள வருதுக்கா" என்று சாத்திவிட்டார்.

அன்றைய எபிசோடில் சில விண்கப்பல்கள் இந்த அண்டவெளிக்கே வெளியே எங்கோ சிக்கிக்கொள்கின்றன. அங்கே நட்சத்திரம் இல்லை, திசை இல்லை, அனுப்புகிற செய்தி எதுவும் போய்ச் சேராது. ஒரு கப்பலின் கேப்டனுக்கு அக்கா குரல். கேப்டன் முகம் முழுக்க ஹெல்மெட். வாயசைவு தெரியாது, என்ன பேசினாலும் பொருந்தும். "கடைசியில உங்களுக்குத் தோணுறதப் பேசுங்க, நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க" என்று டைரக்டரும் சொல்லியிருந்தார்.

பாதியில் ஹெட்போன் செத்துப்போனது. படத்தில் கப்பல் இருண்டது. டைரக்டரும் இன்ஜினியரும் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் விளக்கை அணைத்திருந்தார்கள். அக்காவுக்குக் கண்ணாடியில் தன் முகம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. "சார், கேக்குதா?" கதவைத் தட்டினாள், அறைந்தாள். உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. எல்லோரும் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள், காற்று தீரப்போகிறது என்றே நினைத்தாளாம். அப்போது அவள் கத்திக் கூப்பிட்டது டைரக்டரையும் அல்ல, இன்ஜினியரையும் அல்ல.

மைக் மட்டும் வேலை செய்தது; அந்தப் பக்கம் இரண்டு பேரும் நடிப்பென்று நினைத்துக் கண்கலங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்ததும் டைரக்டர் கைதட்டினார்.

"இன்னொரு டேக் வேணாம்மா. இதுக்கு மேல யாராலயும் முடியாது."

பாவி மனுஷன்! தரையில் உட்கார்ந்திருந்த அக்கா, "தேங்க்ஸ் சார்" என்றாள். வேறென்ன சொல்வாள்?

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். எபிசோடு ஒளிபரப்பானபோது அக்கா வீட்டு சோபாவில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவள் டிவியைப் பார்க்கவே இல்லை. கப்பலின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இருட்டில் கேப்டன் கதவை அறைந்தாள்.

"குட்டி! குட்டி, எங்கடி போன? கதவத் தொறடி!"

நடிப்புக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா? எழுந்து ஓடிப் போய் வாசல் கதவை அகலத் திறந்தேன்.

"இப்பவாவது வந்தியே" என்றாள் அக்கா, சோபாவிலிருந்து.