களி உருண்டைக் கணக்கு

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய தகரம் கிடக்கிறது. அடியில் காவி காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருக்கும். அதோடு ஒரு பனைமட்டைத் துண்டு, தூரிகை மாதிரி நுனி நசுக்கியது. யுத்தம் நடந்த நேரத்தில் சனக்கணக்கு எடுத்தார்கள். நான் அப்போது ஊர்த் தலையாரி. கதவுகளுக்கு நம்பர் போட அந்தத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு, கணக்கு எழுத வந்த பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பின்னால் நடந்தேன். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகு நாளாக எண்ணம். எனக்கு எழுத்து அதிகம் வராது. வந்தவரை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஒரே இடத்தில் இல்லை. மல்லசமுத்திரத்துக்குப் போகும் வண்டிப்பாதையை விட்டுத் தெற்கே இறங்கினால் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் கரட்டடியில் ஆறேழு வீடு சேர்ந்த ஒரு வளவு. அங்கிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் புளியமரத்து வளவு. அதற்கும் அப்பால் எங்கள் வளவு. நடுவில் எல்லாம் மேட்டாங்காடு, மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வேலாமுள். இத்தனையும் சேர்ந்தால்தான் ஊர். வாத்தியார் அதை ஒரு தாளில் படமாகப் போட்டார். ஓடைக்கு ஒரு வளைந்த கோடு, கரட்டுக்கு ஒரு முக்கோணம், வீட்டுக்கு ஒரு புள்ளி. நாங்கள் நாள் முழுக்க நடக்கிற இடம் உள்ளங்கை அகலத்தில் அடங்கிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை.

எங்கள் ஊருக்கு அப்போது குடிதண்ணீர்க் கிணறு கிடையாது. பெண்கள் ஓடை மணலில் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்குச்சியால் மொண்டு குடம் நிரப்புவார்கள். சித்திரையில் அதுவும் வற்றும். பிறகு குட்டைத் தண்ணீர்தான். முந்தின கோடையில் அதைக் குடித்து என் பெண் குழந்தை வாந்திபேதியில் போய்விட்டது. கிணறு கேட்டு வாத்தியார்தான் மனு எழுதிக் கொடுத்தார். இவ்வளவு கொஞ்ச சனத்துக்குக் கிணறு தோண்ட முடியாது என்று மனு திரும்பி வந்தது.

இது தெரிந்தும் நான் ஒரு காரியம் செய்தேன். கணக்கில் பேர் ஏறினால் பட்டாளத்துக்குப் பிடித்துப் போவார்கள் என்று சந்தையில் பேச்சு. எனக்கு ஒரே தம்பி. முந்தின நாளே வளவு வளவாகப் போய், வயதுப் பையன்களை ஒளித்து வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். தம்பியைச் சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் உட்கார வைத்தேன். மறுநாள் காலை ஒன்றும் தெரியாதவன் மாதிரி காவியைக் கரைத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் இரண்டு வளவிலும் கிழவர்களும் பெண்களும் குழந்தைகளும்தான் இருந்தார்கள். வாத்தியார் எழுதிக்கொண்டார். எங்கள் வளவுக்கு வரும்போது உச்சி வெயில். என் பெரியம்மா வீட்டு வாசலில் நின்று எத்தனை பேர் என்று கேட்டார்.

"ரெண்டே பேருங்க சாமி. நானும் எங்கூட்டுக்காரரும்."

உள்ளே முறத்தில் களி உருண்டை ஆவி பறந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் ஆளுக்கு ஓர் உருண்டை உருட்டி வைப்பார்கள். பெரியம்மா தன் பையன்களை ஒளித்திருந்தாள். கை பழக்கத்தில் அவர்களுக்கும் சேர்த்து உருட்டி வைத்துவிட்டாள். வாத்தியார் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கு ஆறு உருண்டையா?"

"அவரு நல்லா உண்பாருங்க."

பெரியப்பா சுவரில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தார். ஆள் முருங்கைக்காய் மாதிரி இருப்பார்.

"இவரா? அஞ்சு உருண்டையா?"

"பசிச்சா ஆறுங்க. எனக்கே மிச்சம் வெக்க மாட்டாருங்க."

பெரியப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் இருமலும் சேர்ந்து கண்ணில் தண்ணீர். வாத்தியார் சிரிக்கவில்லை. உரல் மேல் உட்கார்ந்தார். "சரி, உண்ணட்டும். முடியற வரைக்கும் நான் இருக்கறேன்" என்றார். பெரியப்பா ஓர் உருண்டை தின்றார். இரண்டாவதில் பாதி. அதற்கு மேல் இறங்கவில்லை. என்னைப் பார்த்தார்.

வாத்தியாரும் என்னைப் பார்த்தார். "தலையாரி, நீதான் சொல்லி வெச்சியா?"

"ஆமாங்க."

"தலை போதலன்னு மனு திரும்பி வந்துச்சு. இருக்கற தலையில பாதிய நீயே மறைச்சு வெச்சிருக்கற."

பட்டாளத்துக்குப் பிடிப்பார்களா என்று மட்டும் கேட்டேன். இல்லவே இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இந்தத் தாள்ல அந்தக் கேள்வி இல்ல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஆனா கண்ணுல பாக்காத ஆளை எழுத மாட்டேன்."

தெரிந்ததை மட்டும் சொல்கிற ஆளை நம்பலாம் என்று எனக்குப் பட்டது. குழந்தையை நினைத்தேன். தம்பியையும் நினைத்தேன். காவித் தகரத்தைக் கீழே வைத்துவிட்டுப் தட்டுப்போர்ப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டேன்.

"தம்பி, வாடா. களி ஆறுது."

தலையெல்லாம் தட்டுச் சருகோடு வந்து நின்றான். அவன் வந்ததைப் பார்த்து வேலிக்குப் பின்னாலிருந்து பெரியம்மாவின் நாலு பையன்களும் ஒவ்வொருவனாக வந்தார்கள். பெரியம்மா முகத்தை மூடிக்கொண்டாள்.

"பேரைச் சொல்லி எண்ணாதீங்க சாமி. கண்ணு பட்டுரும்."

"நான் எங்க ஆளை எண்ணினேன்? களி உருண்டையத்தான் எண்ணறேன்" என்றார் வாத்தியார்.

வெயில் தாழ்வதற்குள் விட்டுவந்த இரண்டு வளவுக்கும் திரும்ப நடந்தோம். நான் முன்னால் போய், ஒளிந்தவர்களை வெளியே வரச் சொல்லிக் கத்தினேன். முந்தின நாள் ஒளியச் சொன்ன அதே வாய். ஒரு கிழவி கேட்டே விட்டாள்: "நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு. நாளைக்கு என்னத்தச் சொல்லுவீங்க தலையாரி?"

அதற்குப் பிறகு வண்டிப்பாதையில் காக்கிச்சட்டை தெரிந்தாலே தம்பி எங்கே என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன். தம்பிக்கு ஏதாவது ஆனால் என் தலையில்தான் விடியும். யாரும் வரவில்லை. புதுக் கணக்கில் தலை போதும் என்று கிணற்று உத்தரவுதான் வந்தது. தம்பியும் கடப்பாரை பிடித்தான். பாறை உடைத்துத் தண்ணீர் கண்ட அன்று நான் தனியாகப் போய் ஓடைக்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மூச்சு நன்றாக வந்தது. வாத்தியார் மாற்றலாகிப் போகும் முன் ஒரு நாள் வந்தார். என் வீட்டுக்காரி செம்பில் கிணற்றுத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, "கொஞ்சம் உப்பு இருக்குது" என்றார். இன்னொரு செம்பும் கேட்டு வாங்கிக் குடித்தார். அப்புறம் அவரைப் பார்க்கவில்லை.

கிணறு இன்னும் இருக்கிறது. தகரமும் இருக்கிறது. இப்போது நம்பர் போடக் காவி யாரும் கேட்பதில்லை, சாக்பீஸ் கொண்டுவருகிறார்கள். பத்து வருடத்துக்கு ஒரு முறை கணக்கு எடுக்க ஆள் வரும். அன்றைக்கு என் தம்பி காட்டுக்குப் போகமாட்டான். தலை சீவி, வெளுத்த சட்டை போட்டு, கூப்பிடுவதற்கு முன்னாலேயே வாசலில் வந்து நிற்பான்.